தேமலா, படர்தாமரையா, வேறொன்றா? – தோல் லிம்போமா ஆய்வு நமக்குத் தரும் பாடம்



சென்ற ஆண்டு நம் மருத்துவ உதவி மேசைக்கு 48 வயதுள்ள ஒரு மாமி வந்தார். பெயர் வேண்டாம். இடுப்பிலும் தொடையிலும் மூன்று ஆண்டுகளாகச் செம்பழுப்புத் திட்டுகள், இரவில் அரிப்பு. முதலில் வீட்டில் குப்பைமேனி அரைத்துப் பூசினார். பிறகு மருந்துக்கடையில் கேட்டு ஒரு டியூப் களிம்பு வாங்கினார். பூசினால் பத்து நாளில் வாடும், நிறுத்தினால் இரண்டே வாரத்தில் திரும்பும். அப்படியே எத்தனையோ டியூப்கள் தீர்ந்தன. திட்டு இருந்த இடம் மறைவான இடம் என்பதால் டாக்டரிடம் காட்ட வெட்கம். இதற்கிடையில் வீட்டில் யாரோ "இது ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குத் தனித் துண்டு, தனிச் சோப்பு, தனித் தட்டு என்று ஆயிற்று. கல்யாண வீட்டில் சஹனில் உட்கார அவரே தயங்கி, சமையல்கட்டில் நின்று சாப்பிடப் பழகிக்கொண்டார்.

முடிவில் தோல் மருத்துவர் திட்டிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தபோது வந்த பெயர் நாம் யாரும் கேள்விப்படாதது: மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ். தோலில் தோன்றும் லிம்போமா வகைகளில் அதிகம் காணப்படுவது. புற்றுநோய் வகைதான். ஆனால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. ஆரம்பத்தில் தெரிந்துகொண்டால் பெரும்பாலோர் பல்லாண்டு நலமாக வாழும் நோய்.

அன்று அவருடன் போன எங்களுக்கும் பல கேள்விகள் எழுந்தன. படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இந்த மாதப் பாடமாகத் தருகிறோம். பயமுறுத்துவது எங்கள் நோக்கம் அல்ல. இது அரிதான நோய். நம் வீடுகளில் காணும் நூறு திட்டுகளில் ஏறக்குறைய அனைத்தும் வேறு சாதாரணக் காரணத்தால் வருபவையே. ஆனாலும் இந்த ஒரு நோயின் கதையைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாத் தோல் நோய்களிலும் நாம் செய்யும் தவறுகள் புரியும்.

லிம்போமா என்றால் என்ன?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை லிம்போசைட். கிருமிகளை அடையாளம் கண்டு தாக்குவது இதன் வேலை. இதில் டி அணு, பி அணு என இரு முக்கியப் பிரிவுகள் உண்டு. டி அணுக்களில் சில தோலையே தம் காவல் எல்லையாகக் கொண்டவை. அவை இரத்தத்திலிருந்து தோலுக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்.

இந்த அணுக்களில் ஒன்று கட்டுப்பாடு இழந்து, தன்னைப் போன்றவற்றையே பெருக்கிக்கொண்டு போவதுதான் லிம்போமா. பெரும்பாலான லிம்போமாக்கள் கழுத்து, அக்குள் போன்ற இடங்களில் உள்ள நெறிகளில் தொடங்கும். சில மட்டும் தோலிலேயே தொடங்கும். அப்படித் தோலில் தொடங்குபவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு டி அணு வகை. மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் அந்த வகையைச் சேர்ந்ததே.

பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய முதல் அத்தியாயம்

நம் லாஸ்பேட்டையின் பெயரிலேயே லா என்ற பிரெஞ்சு ஆளுநரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நோயின் வரலாறும் பிரான்சிலேயே தொடங்குகிறது. பாரிஸ் நகரின் சேன் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ழான் லூயி அலிபேர் 1806ஆம் ஆண்டு, உடலில் காளான் போன்ற கட்டிகள் முளைத்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். நோய்ப் பெயரில் காளான் என்ற பொருள் வந்தது அந்தத் தோற்றத்தால்தான். காளானுக்கும் பூஞ்சைக்கும் இந்த நோயோடு எந்தத் தொடர்பும் இல்லை. பூஞ்சைக் களிம்பு இதைக் குணப்படுத்தாது என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்வோம்.

1870இல் பாஸன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த நோய் மூன்று படிகளில் நகர்வதை விளக்கினார். முதலில் தட்டையான திட்டு. அடுத்து தடித்த படை. கடைசியில் கட்டி. முதல் படியிலேயே பல ஆண்டுகள், சிலருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலும், நின்றுவிடலாம். பலருக்கு அடுத்த படிக்கு நகர்வதே இல்லை.

1938இல் அல்பேர் செசாரி, தன் சக மருத்துவருடன் சேர்ந்து, உடல் முழுதும் சிவந்து உரியும் ஒரு நோயாளியின் இரத்தத்தில் விகாரமான பெரிய அணுக்கள் இருப்பதைக் காட்டினார். செசாரி பிறந்த ஊர் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ். அவர் பெயராலேயே அந்தக் கடுமையான நோய் வடிவம் செசாரி நோய்க்குறி என்று அழைக்கப்படுகிறது.

இரண்டும் ஒரே குடும்பம் என்று காட்டிய ஆய்வு

அலிபேரின் நோயும் செசாரியின் நோயும் பல ஆண்டுகள் தனித்தனி நோய்களாகவே பேசப்பட்டன. 1960களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் மார்வின் லட்ஸ்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செசாரி அணுவைப் பார்த்து, அதன் உட்கரு மூளையின் மடிப்புகளைப் போலச் சுருண்டிருப்பதை விவரித்தார். 1973இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இந்த அணுக்கள் டி வகை என்பதற்கான அறிகுறிகளை வெளியிட்டனர்.

அப்போது லட்ஸ்னருடன் பணியாற்றிய இளம் தோல் மருத்துவர் ரிச்சர்ட் எடல்சன். இந்த அணுக்களின் தோற்றத்தையும் செயலையும் ஆராய்ந்து 1974இல் கட்டுரை எழுதினார். 1975இல் அந்தக் குழு, மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ், செசாரி நோய்க்குறி, இவற்றை ஒத்த பிற நோய்கள் அனைத்தையும் தோல் டி அணு லிம்போமா என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எந்த அணு தவறியது என்று தெரிந்த பிறகுதான் அந்த அணுவைக் குறிவைத்து மருந்து தேட முடிந்தது. இன்றைய பயாப்ஸி அறிக்கைகளில் காணும் டி அணுச் சோதனைகள் எல்லாம் அந்த அறிவின் மேல் கட்டப்பட்டவையே.

வெயிலும் விதையும்

எடல்சனின் பெயர் பெற்ற அடுத்த ஆய்வைச் சொல்வதற்கு முன் நாம் எண்ணூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். ஸ்பெயினின் மாலகா பகுதியில் பிறந்து, எகிப்தில் ஐயூபி சுல்தானின் தலைமை மூலிகை அறிஞராக இருந்து, 1248இல் டமாஸ்கஸில் மறைந்தவர் இப்னுல் பைத்தார். சுமார் 1,400 மருந்துப் பொருள்களைத் தொகுத்த அவரது நூலில், வட ஆப்பிரிக்க பெர்பர் மக்கள் ஒரு செடியின் விதையை உண்டு, வெண்புள்ளி உள்ள இடத்தை வெயிலில் காட்டும் சிகிச்சை பதிவாகியுள்ளது. விதை மட்டும் பலன் தராது, வெயில் மட்டும் பலன் தராது. இரண்டும் சேர வேண்டும். இதுதான் அந்தச் சிகிச்சையின் நுட்பம்.

1947இல் எகிப்திய வேதியியலாளர்கள் ஃபஹ்மியும் அபூ ஷாதியும் அந்த விதையிலிருந்து அதன் மூலப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கெய்ரோ பல்கலைக்கழகத்தின் அப்துல் முனீம் அல் முஃப்தி அதை வெண்புள்ளி நோயாளிகளுக்குக் கொடுத்து 1948இல் முடிவுகளை வெளியிட்டார். மெத்தாக்ஸலன் என்ற மாத்திரை பிறந்த வழி இது. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பொருள்தான் உள்ளது.

இந்த மாத்திரை ஒளி படாதவரை சும்மா இருக்கும். நீண்ட அலை கொண்ட புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு, அணுவின் மரபுப் பொருளைப் பிணைத்து, அது பெருகாமல் தடுக்கும். 1976இல் பார்பரா கில்கிரெஸ்ட்டும் அவருடைய சகாக்களும் இந்த மாத்திரையும் ஒளியும் சேர்ந்த சிகிச்சையால் மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் திட்டுகள் மறைவதைக் காட்டினார்கள்.

தோலுக்கு ஒளி காட்டலாம். ஆனால் செசாரி நோயில் கெட்ட அணுக்கள் இரத்தத்தில் அல்லவா ஓடுகின்றன? எடல்சன் கண்ட வழி எளிமையானது: இரத்தத்தை வெளியே எடுத்து ஒளி காட்டுவது. நோயாளியின் இரத்தத்தை ஊசி வழியாக இயந்திரத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து, மெத்தாக்ஸலனோடு புற ஊதாக் கதிரில் காட்டி, மீண்டும் உடலுக்கே செலுத்தினார்கள். 1987இல் வெளியான முடிவின்படி, வேறு சிகிச்சைகளுக்கு அடங்காத 37 நோயாளிகளில் 27 பேருக்குப் பலன் கிடைத்தது. மறு ஆண்டே அமெரிக்க அரசு அதற்கு அனுமதி தந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் இயந்திரத்துக்குள் போவது உடலின் மொத்த வெள்ளை அணுக்களில் ஒரு சிறு பங்குதான். அப்படியிருக்க, தோல் முழுதும் எப்படித் தெளிகிறது? சாகும் அணுக்களைப் பார்த்து உடலின் எதிர்ப்பு மண்டலமே மற்ற கெட்ட அணுக்களை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது என்பதே எடல்சன் பிந்திய ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்த விளக்கம். யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவத் துறைக்குப் பல்லாண்டு தலைமை வகித்தபடியே அந்த ஆய்வைத் தொடர்ந்தார். இன்று உறுப்பு மாற்று நோயாளிகளுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கும் ஏற்படும் சில சிக்கல்களிலும் இதே சிகிச்சை பயன்படுகிறது.

நம் நிறத் தோலில் இது எப்படித் தோன்றும்?

மருத்துவப் பாட நூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அவற்றில் திட்டு சிவப்பாக இருக்கும். நம் தோலில் அது செம்பழுப்பாகவோ கருமையாகவோ தோன்றலாம். இன்னொரு வகையில் நிறம் வெளுத்தே தோன்றும். இந்த வெளிர் வகை நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களிடமும் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் அதிகம். தேமல் என்றும், சத்துக்குறைவு என்றும், வெண்புள்ளி என்றும், சில வேளை தொழுநோய் என்றும் இதைத் தவறாக எண்ணிவிடுகிறோம்.

இவற்றுக்குள் வேறுபாடு இப்படி. தேமல் மேலோட்டமான பூஞ்சை. மார்பு, முதுகு, கழுத்தில் தவிடு போலச் செதில் உதிரும். படர்தாமரை வட்டமாகப் பரவும்; ஓரம் தடித்து, நடு தெளிந்திருக்கும்; இது ஒட்டிக்கொள்ளும். வெண்புள்ளியில் நிறம் பால் போல முழுதும் வெளுத்துவிடும். அரிப்போ செதிலோ இராது. தொழுநோய்த் திட்டில் தொடு உணர்வு குறையும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம், முழுதும் குணமாகும். மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் திட்டில் உணர்வு பொதுவாகக் குறைவதில்லை. தோல் சற்று மெலிந்து, சிகரெட் தாள் போல் சுருக்கம் காட்டலாம். வெயில் படாத இடங்களான இடுப்பு, பிட்டம், தொடை, மார்பு, அக்குள் ஆகியவற்றை அது நாடும்.

வீட்டில் பார்த்தே முடிவு கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தேர்ந்த மருத்துவர்களே பயாப்ஸி இல்லாமல் இதை உறுதி செய்வதில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள்:

ஆறு மாதத்துக்கு மேல் போகாத திட்டு. களிம்பு பூசினால் வாடி, நிறுத்தினால் அதே இடத்தில் திரும்பும் திட்டு. படர்தாமரை மருந்தை முறைப்படி பூசியும் மாறாத திட்டு. தட்டையாக இருந்தது தடித்து வருதல். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டுதல். உடல் முழுதும் சிவந்து உரிதல்.

மருந்துக்கடைக் களிம்பின் ஆபத்து

நம் வீடுகளில் உள்ள பல களிம்புகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அடக்கும். அதனால் நோய் போய்விட்டது போலத் தோன்றும். படர்தாமரையாக இருந்தால் பூஞ்சை உள்ளுக்குள் பரவும். லிம்போமாவாக இருந்தால் நோய் மறைந்து நிற்கும். பயாப்ஸி எடுத்தாலும் தெளிவான விடை கிடைக்காது. எங்கள் மாமி இழந்த மூன்று ஆண்டுகள் இந்த டியூப்களில்தான் போயின. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. இதே நோயின் தொடக்க நிலையில் மருத்துவரே அதை எழுதித் தருவதுண்டு. எந்த நோய்க்கு, எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்று தெரியாமல் பூசுவதே கெடுதல்.

அதேபோல் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் உட்காராதீர்கள். அளவு தவறினால் தோல் வெந்து கொப்பளிக்கும். மருத்துவமனையில் நொடிக் கணக்குப் பார்த்து ஒளி காட்டுவதன் காரணம் அதுதான்.

பயாப்ஸியும் சிகிச்சையும்

"கத்தி பட்டால் புற்றுநோய் பரவும்" என்ற பேச்சு நம் பகுதியில் அடிக்கடி கேட்கிறது. அது தவறு. தோல் பயாப்ஸியில் அந்த இடத்தை மரக்கச் செய்து, சில மில்லிமீட்டர் அகலத் துண்டு எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். ஆரம்ப நிலையில் ஒரு பயாப்ஸியில் விடை கிடைக்காமல் போவது சகஜம். இரண்டாவது, மூன்றாவது முறை எடுக்கச் சொன்னால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று எண்ணி மருத்துவமனையை மாற்றாதீர்கள். பழைய அறிக்கைகள், பூசிய களிம்பின் காலி டியூப்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்கு மருத்துவர்கள் உள்ளங்கைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். விரல்களோடு சேர்ந்த நம் கை ஒன்று, நம் தோல் பரப்பில் சுமார் 1 சதவீதம். தட்டையான திட்டுகள் எல்லாம் சேர்ந்து பத்துக் கை அளவுக்குள் இருந்தால் மிகவும் தொடக்க நிலை. அந்த நிலையில் உள்ளவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளைப் போன்றதே என்று நீண்ட கால ஆய்வுகள் காட்டியுள்ளன. 2005இல் வெளியான பன்னாட்டு வகைப்பாட்டில் மைக்கோசிஸ் ஃபங்காய்டீஸ் நோய்க்கு 5 ஆண்டு உயிர்பிழைப்பு விகிதம் 88 சதவீதம். செசாரி நோய்க்குறிக்கு அது 24 சதவீதமே. ஆரம்பத்திலேயே காட்டுங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது ஏன் என்று இந்த இரண்டு எண்களும் சொல்லும்.

ஆரம்ப நிலைக்குப் பெரும்பாலும் களிம்பும் ஒளி சிகிச்சையுமே போதும். வாரம் இரண்டு, மூன்று முறை ஒளிப்பெட்டிக்குள் நிற்க வேண்டும். மாதக் கணக்கில் தொடரும். மெத்தாக்ஸலன் மாத்திரை இல்லாமலேயே குறுகிய அலைப் புற ஊதா ஒளி மட்டும் தரும் முறையும் உண்டு; சிறுவர்களுக்கு அது ஏற்றது. மாத்திரை சாப்பிடும் நாளில் கறுப்புக் கண்ணாடி அணிந்து கண்ணைக் காக்க வேண்டும். நோன்பு மாதத்தில் சிகிச்சை விழுந்தால் தானாக நிறுத்திவிடாதீர்கள்; மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

நமக்கு அருகிலேயே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் அது. கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. இரண்டிலும் தோல் பிரிவு இருக்கிறது. தூரம் ஒரு சாக்கு அல்ல.

வெட்கமும் ஒதுக்கலும்

இந்த நோய் நாடுவது மறைவான இடங்களை. நம் பெண்கள் காட்டத் தயங்குவதும் அந்த இடங்களையே. சிகிச்சையின் அவசியத்துக்காகத் தேவையான அளவு காட்டலாம் என்பது ஆலிம்கள் தெளிவாகச் சொல்லும் சட்டம். பெண் மருத்துவர் வேண்டும் என்று ஓ.பி. சீட்டு போடும்போதே கேளுங்கள். துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துச் செல்லுங்கள். வீட்டு ஆண்கள் "ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு முறை அன்போடு கேட்டாலே பாதித் தயக்கம் போய்விடும்.

ஒதுக்கல் இன்னொரு காயம். தோல் லிம்போமா தட்டாலும் துண்டாலும் தொடுதலாலும் பரவாது. மகள் கல்யாணம் தடைபடுமோ என்று நோயை மறைக்கும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. அவர்களை மறைக்க வைப்பது நம் நாக்குதான்.

வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள

1. நம் வீட்டு அலமாரியில் உள்ள களிம்புகளை யார் எழுதிக் கொடுத்தார்கள்? எதற்காக?
2. ஆறு மாதத்துக்கு மேல் போகாத திட்டு நம்மில் யாருக்காவது இருக்கிறதா?
3. தோல் நோயுள்ள ஒருவரை நாம் எப்போதாவது தனித் தட்டில் சாப்பிட வைத்திருக்கிறோமா?

அந்த மாமிக்கு எட்டு மாதம் ஒளி சிகிச்சை நடந்தது. நம் சகோதரிகள் முறை வைத்து ஆட்டோவில் கூடவே போய்வந்தார்கள். திட்டுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. நோய் திரும்பலாம் என்பதால் சீரான இடைவெளியில் பரிசோதனை தொடர்கிறது. கடந்த மாதம் தெருவில் நடந்த நிக்காஹ் விருந்தில் அவர் வழக்கம்போல் சமையல்கட்டுப் பக்கம் போகப் பார்த்தார். அவருடைய மருமகள் கையைப் பிடித்து இழுத்து வந்து, தான் இருந்த சஹனிலேயே பக்கத்தில் உட்கார வைத்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் யாராவது சமையல்கட்டில் தனியாக நின்று சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். மருத்துவமனைக்குத் துணை வேண்டுமென்றால் உதவி மேசைக்குச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், கூடவே வருகிறோம்.